உலோகம் காணும் கருவியின் கதை

கண்டி மாநகரின் நடுவே நின்று மேற்றிசையை நிமிர்ந்து நோக்குவோர்க்கு ஒரு குன்று புலப்படும். அதன் உச்சியிலே வெண்ணிறமான பெரிய புத்தர் சிலை ஒன்று அமர்ந்திருக்கின்றது. குன்றின் பெயர் பஹிரவகந்த. பைரவர் மலை என்று தமிழிற் சொல்லலாம். சிங்கள மக்களின் நம்பிக்கையிலே பஹிரவன் என்பவன் நிலத்துக்குள் மறைந்த செல்வத்தைக் காத்து நிற்கும் தேவதை. புதையலைப் பூதம் காக்கும், நாகம் காக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததும் ஏறக்குறைய இதே எண்ணந்தான். அத்தேவதைக்கு முன்னாளில் இக்குன்றிலே கன்னிப் பெண்களைப் பலியிட்டனர் என்றொரு கதையும் உண்டு. அதனை வரலாறு என்று கொள்வதற்கில்லை. ஆயினும், மண்ணுக்குள் கிடக்கும் பொன்னின்மீது மனிதன் கொண்ட வேட்கை எத்துணைப் பழையது என்பதற்கு இக்கதை ஒன்றே போதும்.

இவ்வேட்கைக்கு நெய் வார்த்தது 1815ஆம் ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரி 14ஆம் நாள் பிரித்தானியப் படை கண்டிக்குள் நுழைந்தபோது அரண்மனையில் அரசன் இல்லை. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் குல மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், மெதமகநுவரப் பகுதியிலே ஒளிந்திருந்தான். நான்கு நாட்களின் பின்னர், 18ஆம் நாள், அவன் பிடிபட்டான். கண்டியரசின் சிம்மாசனம் கடல் கடந்து இங்கிலாந்து சென்று, 1934இலேதான் திரும்பி வந்தது. இவை ஏட்டில் உள்ளவை. ஏட்டில் இல்லாதது யாதெனில், தப்பி ஓடிய அரசன் தும்பறை மலைச்சாரலிலே புதைத்து வைத்தான் எனப்படும் பொன். அப்பொன் இன்னும் அங்கே கிடக்கின்றது என்ற பேச்சு இருநூறு ஆண்டுகளாகியும் ஓயவில்லை.

அக்காலத்தார் புதையலைத் தேடிய வழி மை போட்டுப் பார்த்தல். வெற்றிலையிலே அஞ்சனம் தடவி, சிறு பிள்ளை ஒன்றை அதில் உற்று நோக்கச் செய்து, அப்பிள்ளை சொல்லும் இடத்தைத் தோண்டுவர். இக்காலத்தில் மைக்குப் பதிலாகக் கருவி வந்துவிட்டது. புதையல் தோண்டச் சென்றோர் கைது செய்யப்பட்டனர் என்று பத்திரிகைகளிற் படிக்கின்றோமன்றோ? கைப்பற்றப்பட்ட பொருள்களின் வரிசையிலே 'ஸ்கேனர்' என்ற சொல்லைக் காணலாம். அதே வரிசையிலே பூசைப் பொருள்களும் இருக்கும். பழமையையும் புதுமையையும் ஒரே பையிற் போட்டுக்கொண்டு செல்கின்றனர் போலும்!

அக்கருவி எங்கிருந்து வந்தது, எவ்வாறு இயங்குகின்றது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

1831இல் மைக்கல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கம்பியிலே மின்னோட்டத்தைத் தூண்டும் என்று கண்டார். உலோகங் காணும் கருவிகள் அனைத்திற்கும் வேர் இதுவே. கம்பிச் சுருள் ஒன்றில் மாறி மாறிப் பாயும் மின்சாரத்தைச் செலுத்தினால் அதனைச் சுற்றிக் காந்தப் புலம் எழுந்தும் அடங்கியும் அசையும். அப்புலத்தினுள் ஒரு செப்புக் காசு அகப்பட்டால், அக்காசினுள்ளே நீர்ச்சுழி போன்ற சிறு மின்னோட்டங்கள் தோன்றும். அச்சுழிகள் தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்கும். மண்ணும் மரமும் வாளாவிருக்க, உலோகம் மட்டும் இவ்வாறு மறுமொழி கூறுகின்றது. அந்த மெல்லிய மறுமொழியைக் கேட்பதே கருவியின் தொழில்.

கேட்பதற்கு முதலில் வழி கண்டவர் டேவிட் எட்வேட் ஹியூஸ். 1879இல் அவர் அமைத்த கருவியைத் தூண்டல் தராசு என்று நாம் அழைக்கலாம். தட்டுகளுக்குப் பதிலாக அதில் இரு பக்கத்தும் கம்பிச் சுருள்கள் இருந்தன. இருபுறமும் சமமாயிருக்கும்போது தொலைபேசிக் குழலிலே ஒலி இல்லை. ஒரு பக்கத்திலே நாணயம் ஒன்றை வைத்தால் ஒலி எழும். மறுபக்கத்தில் அதற்கு முற்றும் ஒப்பான நாணயத்தை வைத்தால் ஒலி அடங்கிவிடும். இரண்டில் ஒன்று கள்ள நாணயமாயின் ஒலி அடங்காது. நம் பொற்கொல்லர் உரைகல்லிலே கண்ணாற் பார்ப்பதை அவர் காதாற் கேட்டார்.

இத்தராசைப் பெருந்துயரம் ஒன்று உலகறியச் செய்தது. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் புகையிரத நிலையத்திலே சுடப்பட்டார். உடலினுள்ளே தங்கிய குண்டு எங்கே என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகம் பெல், ஹியூஸின் முறையைத் தழுவி ஒரு கருவி செய்துகொண்டு வெள்ளை மாளிகைக்கு விரைந்தார். பழைய போரிலே குண்டு பாய்ந்து, அக்குண்டை உடலிலே சுமந்து வாழ்ந்த வீரர்களிடம் அக்கருவியை அவர் சோதித்திருந்தார். அது பிழையின்றி வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதியிடம் இரு முறை முயன்றும் இடம் தெளியவில்லை. படுக்கையின் அடியிலே உருக்குச் சுருள்கள் இருந்தமை பின்னரே தெரிய வந்தது. அது மட்டுமன்று. தலைமை மருத்துவர் பிளிஸ் என்பார் குண்டு வலப்பக்கத்திலேதான் உள்ளது என்று உறுதி கொண்டு, அப்பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். செப்டெம்பர் 19ஆம் நாள் கார்பீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது குண்டு முதுகெலும்பின் இடப்பக்கத்திலே கிடந்தது.

கருவி தோற்றது என்று சிலர் எழுதுவர். எனக்கோ, கருவி சென்றிருக்க வேண்டிய இடத்துக்கு அதைச் செல்லவிடாத மனிதரின் பிடிவாதமே தோற்றது என்று தோன்றுகின்றது.

பெல் என்ற பெயர் வந்தமையால் இன்னொரு பெல்லையும் இங்கு நினைவுகூர்தல் தகும். இலங்கைத் தொல்பொருள் ஆய்வுத் திணைக்களம் 1890இல் தோன்றியபோது அதன் முதல் ஆணையாளராய் இருந்தவர் எச். சி. பி. பெல். சிகிரியாவிலும் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் காட்டை வெட்டி, மண்ணை அகற்றி, பண்டைச் சின்னங்களை வெளிக்கொணர்ந்தவர். அவரிடம் மின்கருவி எதுவும் இல்லை. அளவுநூலும் வரைபடமும் கூலியாட்களின் மண்வெட்டிகளுமே இருந்தன. ஓய்வு பெற்றபின் கண்டியிலே வாழ்ந்து, 1937இல் அவர் காலமானார்.

அந்த 1937ஆம் ஆண்டிலேதான், அமெரிக்காவிலே கெராட் பிஷர் என்பார் உலோகம் காணும் கைக்கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். ஜெர்மனியிற் பிறந்து கலிபோர்னியாவிலே குடியேறிய இவர், ஆகாய விமானங்களுக்கு வானொலியால் திசை காட்டும் கருவிகளை அமைப்பவர். உலோகக் கனிகள் செறிந்த நிலத்தருகே அக்கருவிகள் திசையைத் தவறாகக் காட்டின. மற்றவராயின் அத்தவற்றை நீக்குவதோடு நின்றிருப்பர். இவர் அத்தவற்றையே ஒரு கருவியாக மாற்றினார். வானொலி அலை உலோகத்தின் அருகே தடுமாறுமாயின், தடுமாறும் இடத்தில் உலோகம் இருக்கும் என்பது அவர் கணக்கு. இரு மரப்பெட்டிகளைக் கைப்பிடிக் கோல்களால் இணைத்த அக்கருவியை ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

ஆக்கவுரிமை என்ற சொல்லைச் சற்று விளக்குதல் வேண்டும். தமிழ்நாட்டார் காப்புரிமை என்பர். ஒருவன் புதியதொன்றை ஆக்கினால், அதன் உட்பொருளை மறைக்காது அரசிடம் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குக் கைம்மாறாக அரசு, குறித்த காலம் வரை வேறெவரும் அதைச் செய்து விற்காதவாறு அவனுக்குத் தனியுரிமை வழங்குகின்றது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இக்காலத்தை 20 ஆண்டுகள் என வரையறுக்கின்றது. காலம் கழிந்ததும் ஆக்கம் பொதுச் சொத்தாகிவிடும். பரம்பரை வைத்தியரும் சிற்பியும் தம் மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லாது மறைத்த வித்தைகள் அவர்களோடு மண்ணாகிப் போன கதையை நாம் அறிவோம். ஆக்கவுரிமையோ மறைப்பவனுக்குப் பரிசில்லை, வெளியிடுபவனுக்கே பரிசு என்கின்றது.

ஆனால் இதிலே ஒரு மயக்கம் உண்டு. ஆக்கவுரிமை பெற்றது என்றால் சிறப்பாக வேலை செய்யும் என்று அரசு நற்சாட்சி கொடுத்ததாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அலுவலர் ஆராய்வது அஃது முன்னில்லாத புதுமையா, தொழிலுக்கு உதவும் வகையினதா என்பவற்றை. காட்டுக்கு எடுத்துச் சென்று தோண்டிப் பார்ப்பது அவர் வேலையன்று. இம்மயக்கத்தையும் மக்களின் ஆசையையும் வணிகமாக்குவோர் உள்ளனர். பல மைல் தொலைவிலுள்ள பொன்னைக் காட்டும் என்று சொல்லி, ஒரு பிடியிலே ஆடும் கோல் ஒன்றைச் செருகி, பெருந்தொகைக்கு விற்கின்றனர். இவ்வகையிலே மிகக் கொடியது பிரித்தானியர் ஒருவர் விற்ற போலிக் கருவி. கோல்ப் பந்து தேடுவதற்கென விற்கப்பட்ட விளையாட்டுப் பொருள் ஒன்றே அதன் மூலம். அதனை வெடிகுண்டு காணும் கருவியென ஈராக்குக்கு விற்றனர். அதை நம்பிய சோதனைச் சாவடிகளூடாகக் குண்டுகள் கடந்து சென்றன, மக்கள் மாண்டனர். விற்றவருக்கு 2013இல் இலண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உண்மைக் கருவி சில அடி ஆழத்துக்கு மேல் சிறு பொருளைக் காணமாட்டாது. மைல் கணக்கிலே காணும் என்பவன் மை போடுபவனுக்குத் தம்பி.

உண்மைக் கருவியும் தகாத கையிற் சேர்ந்தால் தீங்கே. புதையல் தேடுவோர் தாதுகோபத்தின் நடுவைப் பிளக்கின்றனர். பாழடைந்த விகாரையின் அடித்தளத்தைக் குடைகின்றனர். ஒரு காசு எந்த அடுக்கிலே, எந்த ஓட்டுத் துண்டின் அருகே கிடந்தது என்பதுதான் வரலாற்றாசிரியனுக்குச் செய்தி. பிடுங்கி எடுத்த காசு வெறும் உலோகம். இதனாலேயே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய தோண்டலைத் தடை செய்தது. 1998இல் அச்சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினர்.

இனி, உலோகங் காணும் கருவி உயிர் காக்கும் கருவியான வரலாற்றுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஸ்கொட்லாந்திலே தங்கியிருந்த போலந்துப் படையில் யோசெப் கொசாட்ஸ்கி என்ற சமிக்ஞைப் பொறியியலாளர் இருந்தார். 1941இன் இறுதியில் நிலக்கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியொன்றை அவர் அமைத்தார். தலையிலே கேட்குங்கருவி, முதுகிலே மின்கலப் பெட்டி, கையிலே நீண்ட கோல், அதன் நுனியிலே தட்டையான சுருள். மொத்த எடை 14 கிலோகிராமுக்கும் குறைவு. 1942 ஒக்டோபரிலே எல் அலமைன் போர்க்களத்தில் 500 கருவிகள் பயன்பட்டன. ஈட்டி முனையால் மணலைக் குத்திக் குத்தி மணிக்கு 100 மீற்றர் முன்னேறிய படை, இக்கருவியால் 200 மீற்றர் முன்னேறியது. அதன் வழிவந்த கருவிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்தானிய இராணுவத்திலே வழங்கின.

இதற்குக் கொசாட்ஸ்கி ஆக்கவுரிமை பெறவில்லை. ஆக்கத்தைப் பிரித்தானிய இராணுவத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார். மன்னர் ஆறாம் ஜோர்ஜ் அனுப்பிய நன்றிக் கடிதமே அவர் பெற்ற ஊதியம். அவர் குடும்பம் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த போலந்திலே அகப்பட்டிருந்தமையால், அவர் பெயரைக்கூட அந்நாளிலே வெளியிடவில்லை. ஆக்கவுரிமையின் நன்மையை முன்னர்ச் சொன்னேன். அந்த நியாயத்துக்கு அப்பால் நிற்பவர் இவர்.

அப்போரின் நிழல் நம் ஊரிலும் விழுந்தது. 1944 ஏப்ரலிலே மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அரச மரங்களுக்கும் மூங்கிற் புதர்களுக்கும் நடுவே குடில்கள் எழுந்தன. பர்மாப் போர்முனைக்குரிய திட்டங்கள் அங்கிருந்தே வகுக்கப்பட்டன. கருவிக்கு விடையாக எதிரிகள் வேறொரு தந்திரம் கண்டதும் அக்காலத்திலேதான். உலோகத்தைக் காண்கின்றதா கருவி? அப்படியாயின் உலோகமின்றியே வெடி செய்வோம் என்றனர். ஜெர்மானியர் மரப்பெட்டியிலும் கண்ணாடியிலும் கண்ணிவெடி செய்தனர். ஜப்பானியரோ நம் குயவர் சட்டி வனைவது போலச் சுட்ட மண்ணாலேயே ஒருவகைக் கண்ணிவெடியைச் செய்துவிட்டனர்.

போருக்குப் பின்னர்க் கருவி வாயிற்படிக்கு வந்தது. விமானக் கடத்தல்கள் பெருகவே, 1973 ஜனவரி முதல் அமெரிக்க விமான நிலையங்களிலே பயணிகள் அனைவரும் சோதிக்கப்பட்டனர். நம் நாட்டுக்கு அந்நாள் வேறு துயரத்தின் வழியே வந்தது. 1998 ஜனவரி 25ஆம் நாள் காலை, சுதந்திரப் பொன்விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, விடுதலைப் புலிகளின் வெடிமருந்து ஏற்றிய லொறி தலதா மாளிகையின் வாயிலிலே வெடித்தது. மாண்டோர் உளர்; மாளிகையின் முகப்பு சிதைந்தது. பின்னர்த் திருத்தி அமைத்தனர். நாடெங்கும் வழிபாட்டிடங்களிலும் அரச பணிமனைகளிலும் சோதனைகள் இறுகின. லொறியோ தானே இரும்பு. அதனை நிறுத்தத் தடுப்புச் சுவர் வேண்டுமேயன்றி உலோகங் காணும் கருவி வேண்டியதில்லை. ஆயினும் அக்கருவியின் முன்னே கைகளை விரித்து நின்றவர்கள் மக்களே. கல்விச் சுற்றுலாவுக்கு மாணவியரை அழைத்துச் செல்லும்போது, அவர்களின் கொலுசும் தலை ஊசியும் ஒலியெழுப்பினால் அச்சிறுமியர் முகத்திலே அச்சம் படர்வதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். அடையாள அட்டையில் உள்ள பெயரையும் அக்கருவி வாசிக்குமோ என்று ஒரு மாணவி கேட்டாள். விஞ்ஞான ஆசிரியரிடம் அவளை அனுப்பினேன்; கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியதன்று என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தப் போரின் எச்சம் வடக்கிலே மண்ணுக்குள் கிடந்தது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறிய குடும்பங்கள் பல. தேயிலை மலையிலே அட்டைக்கு அஞ்சிக் காலடி வைத்தவர்கள், அங்கே மிதிவெடிக்கு அஞ்சிக் காலடி வைக்க நேர்ந்தது. விறகு பொறுக்கச் சென்றவர், மாடு மேய்த்தவர், கிணறு இறைத்தவர் எனக் கால் இழந்தோர் பலர். 2002இலே போர்நிறுத்தம் ஏற்பட்டபோது மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பணி விரிவாகத் தொடங்கிற்று.

இங்கேதான் கருவிக்குக் கடுஞ்சோதனை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பரவலாகப் புதைக்கப்பட்ட மிதிவெடிகளிலே 'பி 4' என்னும் பாகிஸ்தானிய வகை ஒன்று. உடல் முழுவதும் பிளாத்திக்கு. உள்ளே ஊசியளவு உலோகமே உண்டு. கருவியின் செவியை அவ்வளவு கூர்மையாக்கினால், மண்ணிலுள்ள ஆணி, தோட்டாக் கோது, பால் மாத் தகரத்தின் துண்டு யாவும் கூச்சலிடும். ஒரு வெடியைக் காணுமுன் பல நூறு பொய்யொலிகளை மண்டியிட்டுத் தோண்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றையும் வெடி என்றே எண்ணித் தோண்டவேண்டும்.

மண்ணும் எதிராகவே நிற்கும். கண்டிப் பிரதேசத்துச் செங்கபில மண்ணையும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணையும் கையில் எடுத்துப் பாருங்கள். அந்நிறம் இரும்பின் நிறம். இரும்புத் தாதுக்கள் சேர்ந்த மண் தானே கருவிக்கு மறுமொழி கூறும். இவ்விடரைத் தீர்ப்பதிலே அண்மைக்கால ஆக்கவுரிமைகள் பல எழுந்தன. அவற்றுள் முதன்மையானவை அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துப் பெளதிகவியலாளர் ஒருவருடையவை. அவர் பெயர் புரூஸ் கண்டி. ஆங்கிலத்தில் முதலெழுத்து வேறு. ஒலி நம் நகரின் ஒலியே! 1985இல் தோன்றிய மைன்லாப் நிறுவனத்திலே, பொன்வயல்களின் இரும்பு மண்ணை வெல்வதற்கு அவர் முறைகள் கண்டார்.

அம்முறையை ஓர் உவமையாற் சொல்லலாம். கோயில் மணியை அடித்துவிட்டுக் கை எடுத்தால் நாதம் மெல்ல மெல்ல அடங்கும் அல்லவா? அவ்வாறே சுருளிலே மின்சாரத்தைத் துடிப்பாகச் செலுத்திச் சட்டென நிறுத்திவிட்டு, நிலத்திலிருந்து வரும் எதிரொலி அடங்கும் விதத்தைக் கேட்பது ஒரு முறை. செம்மண்ணின் எதிரொலி அடங்கும் வகை ஒன்று. உலோகத்தின் எதிரொலி அடங்கும் வகை வேறு. கண்டியார் குறுந்துடிப்பும் நெடுந்துடிப்புமாக மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டின் எதிரொலிகளையும் ஒப்பிட்டு, மண்ணின் பங்கைக் கழித்துவிட்டார். பொன் தேடுவோர்க்கெனப் பிறந்த இவ்வறிவு அவர் நிறுவனத்தின் கண்ணிவெடி காணும் கருவிகளுக்கும் சென்றது. வேறு சிலர் உலோகங் காணும் சுருளோடு நிலத்தை ஊடுருவும் ராடாரையும் ஒரே கோலில் இணைத்தனர். ஆணியிலே உலோக ஒலி மட்டும் வரும். வெடியிலோ அதனைச் சூழ்ந்த உடலின் வடிவத்தையும் ராடார் காணும். பொய்யொலிகள் பெரிதும் குறைகின்றன. ஆனால் விலை மிகுதி. விதவைப் பென்சன் கேட்டுக் கச்சேரியிலே காத்திருக்கும் பெண்ணுக்கு அவ்விலையைச் சொன்னால் நகைப்பாள்.

2017 டிசெம்பர் 13ஆம் நாள் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலே இலங்கை சேர்ந்தது. 2018 ஜூன் முதல் அது நம்மைக் கட்டுப்படுத்திற்று. மண்ணைத் தூய்மைப்படுத்த உடன்படிக்கை வைத்த தவணை பத்தாண்டுகள். முகமாலைப் போர்முனை போன்ற இடங்களிலே வெடிகள் அடர்ந்து, இரும்புச் சிதறல்களும் அவ்வாறே நிறைந்து, கருவி ஓயாது ஒலித்தது. அத்தகைய நிலத்திலே பணியாளர் கருவியை ஒருபுறம் வைத்துவிட்டனர். தோட்டக்காரன் சருகு வாரும் பற்கோல் போன்ற கைக்கருவியால், முகத்திலே கவசம் அணிந்து, மண்ணை மேலிருந்து அழுத்தாது பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக அரித்து எடுத்தனர். அவர்களிலே போரிற் கணவரை இழந்த பெண்கள் பலர். வார்ந்த மண்ணைப் பின்னே தள்ளி, அரித்த பள்ளத்தின் மேல் மீண்டும் கருவியைப் பிடித்து, ஒலி இல்லை என்று கண்ட பின்னரே அடுத்த சாண் நிலத்துக்கு நகர்ந்தனர்.